சிலிண்டர் உள்ள கண்ணுக்கு எந்தக் கான்டாக்ட் லென்ஸ்? ஸ்ஃபெரிகலா, பைடோரிக்கா, சாஃப்ட் டோரிக்கா?

கண்ணாடிச் சீட்டில் −3.00 / −4.00 × 180 (ஸ்ஃபியர் / சிலிண்டர் × ஆக்சிஸ்: எல்லாத் திசையிலும் வேண்டிய பவர், ஒரு திசையில் மட்டும் கூடுதலாக வேண்டிய பவர், அதன் கோணம்). கண்ணின் முன்பக்கக் கண்ணாடிப் படலமான கார்னியாவின் வளைவை அளக்கும் கெரட்டோமீட்டரில் 180-இல் (கிடைமட்டம்) 42.00, 90-இல் (செங்குத்து) 45.50. இப்படி ஒரு கண்ணுக்குக் கான்டாக்ட் லென்ஸ் கேட்டு ஒருவர் வந்து உட்கார்ந்தால் நான்கு வழிகள் இருக்கின்றன: சாஃப்ட் டோரிக் (இரண்டு திசையில் இரண்டு பவர் உள்ள மென்மையான லென்ஸ்), ஸ்ஃபெரிகல் ஆர்ஜிபி (எல்லாத் திசையிலும் ஒரே வளைவுள்ள, ஆக்சிஜன் கடத்தும் கடின லென்ஸ்), பின்பக்கம் மட்டும் டோரிக்கான ஆர்ஜிபி, இரண்டு பக்கமும் டோரிக்கான பைடோரிக். சீட்டில் இருக்கும் 4.00 சிலிண்டரை மட்டும் பார்த்து இதில் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. அந்தச் சிலிண்டரில் கார்னியாவின் பங்கு எவ்வளவு, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் வழி தெரியும். பிரிக்கும் கணக்கு ஐந்து நிமிட வேலை. ஆனால் அதைச் செய்யாமல் லென்ஸ் ஆர்டர் போவதுதான் இன்னும் அதிகம் நடக்கிறது.

முதலில் கணக்கு

ஒரே விதியைப் பிடித்துக்கொண்டால் பாதித் தவறு ஒழியும்: இரண்டு மெரிடியனையும் (180, 90 என்ற இரண்டு திசைகளையும்) தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். ஸ்ஃபியரையும் சிலிண்டரையும் அப்படியே வைத்துக்கொண்டு கூட்டிக் கழிக்கக் கூடாது.

காகிதத்தில் ஒரு பவர் கிராஸ், அதாவது ஒவ்வொரு மெரிடியனின் பவரையும் குறித்த சிலுவைக் கோடு, போடுங்கள். 180 மெரிடியனில் −3.00. சிலிண்டர் ஆக்சிஸுக்குக் குறுக்கே வேலை செய்வதால் 90 மெரிடியனில் −3.00 − 4.00 = −7.00. இது கண்ணாடி இருக்கும் இடத்தில், அதாவது கார்னியாவுக்கு 12 மி.மீ. முன்னால் தேவைப்படும் பவர். கார்னியாவின் மேல் எவ்வளவு வேண்டும் என்று மாற்ற, பவரை (1 − 0.012 × பவர்) என்பதால் வகுக்க வேண்டும். −3.00-ஐ 1.036-ஆல் வகுத்தால் −2.90. −7.00-ஐ 1.084-ஆல் வகுத்தால் −6.46. வித்தியாசம் 3.56.

கண்ணாடியில் 4.00 இருந்த சிலிண்டர் கார்னியா மேல் 3.56 ஆகிவிட்டதைக் கவனியுங்கள். கெரட்டோமீட்டர் காட்டும் வித்தியாசம் 45.50 − 42.00 = 3.50. மிச்சம் 0.06 டயாப்டர், ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். ஆக, இந்தக் கண்ணின் சிலிண்டர் முழுக்கக் கார்னியாவில்தான் இருக்கிறது. இந்த மாற்றத்தைச் செய்யாமல் 4.00-இலிருந்து 3.50-ஐக் கழித்திருந்தால், உள்ளே 0.50 சிலிண்டர் இருப்பதாகத் தோன்றும். இல்லாத அந்த அரை டயாப்டரைத் துரத்திக்கொண்டு தேவையில்லாத லென்ஸை ஆர்டர் செய்ய நேரிடும். "4.00-க்குக் கீழே வெர்டெக்ஸ் பார்க்க வேண்டாம்" என்ற பழக்கம் (மேலே செய்த 12 மி.மீ. மாற்றத்தைத்தான் வெர்டெக்ஸ் என்கிறார்கள்) ஸ்ஃபியருக்குச் சரி. இங்கே −7.00 மெரிடியன் ஒன்று ஒளிந்திருக்கிறதே, அதை யார் பார்ப்பது?

கெரட்டோமீட்டர் எண்ணை நேராகக் கழிக்கலாமா என்ற சந்தேகம் வரலாம். கெரட்டோமீட்டர் 1.3375 என்ற எண்ணை வைத்து வளைவை டயாப்டராக மாற்றுகிறது, 337.5-ஐ மி.மீ. ஆரத்தால் வகுத்தால் வருவது அது. கண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.336. இரண்டும் ஒட்டியே இருப்பதால், ஆர்ஜிபிக்கு அடியில் உருவாகும் கண்ணீர் லென்ஸின் பவரை கே ரீடிங்கிலிருந்தே (கெரட்டோமீட்டர் எண்ணிலிருந்தே) எடுத்துக்கொள்ளலாம். லென்ஸின் பேஸ் கர்வ் (பின்பக்க வளைவு) கார்னியாவைவிட ஸ்டீப்பாக (வளைவு கூடுதலாக) இருந்தால் கண்ணீர் லென்ஸ் பிளஸ். அதற்கு ஈடாக லென்ஸில் மைனஸ் கூட்ட வேண்டும். ஃப்ளாட்டாக (தட்டையாக) இருந்தால் கண்ணீர் லென்ஸ் மைனஸ். லென்ஸில் பிளஸ் கூட்ட வேண்டும்.

0.05 மி.மீ. மாறினால் 0.25 டயாப்டர் என்பார்கள். 7.85 மி.மீ. பக்கம் அது சரி. கெரட்டோகோனஸ் (கார்னியா மெலிந்து கூம்பாகும் நோய்) உள்ள கண்ணில் 6.50 மி.மீ. பக்கம் போனால் அதே 0.05 மி.மீ. 0.40 டயாப்டர் ஆகிவிடும். ஆகவே மி.மீ.-ஐ டயாப்டராக மாற்றிவிட்டே கணக்குப் போடுங்கள்.

ஸ்ஃபெரிகல் ஆர்ஜிபி: பார்வை சரி, உட்காருவது சரியா?

நம் கண்ணுக்கு 42.00, அதாவது 8.04 மி.மீ. பேஸ் கர்வில் சாதாரண ஸ்ஃபெரிகல் லென்ஸ் போட்டால், 180-இல் கண்ணீர் லென்ஸ் பூஜ்ஜியம். லென்ஸ் பவர் −2.90. 90-இல் கார்னியாவைவிட லென்ஸ் 3.50 ஃப்ளாட்; கண்ணீர் லென்ஸ் −3.50. தேவை −6.46, லென்ஸும் கண்ணீரும் சேர்ந்து −6.40. பார்வைக் கணக்கு அழகாக முடிந்துவிடுகிறது. 43.00 பேஸ் கர்வில் போட்டாலும் அப்படியே. லென்ஸ் பவர் −3.90 ஆக வேண்டும், அவ்வளவுதான்.

பிரச்சினை பார்வையில் இல்லை, லென்ஸ் உட்காரும் விதத்தில். ஃப்ளோரசின் சாயம் போட்டு, ஸ்லிட் லேம்ப் மைக்ராஸ்கோப்பில் நீல ஒளியும் மஞ்சள் ஃபில்டரும் வைத்துப் பாருங்கள். நடுவில் கிடைமட்டமாக ஒரு கரும்பட்டை தெரியும். அங்கே லென்ஸ் கார்னியாவைத் தொடுகிறது. மேலும் கீழும் பச்சை தேங்கியிருக்கும். கீழ் ஓரத்தில் லென்ஸ் விளிம்பு கார்னியாவை விட்டு எழும்பி நிற்கும். கண் சிமிட்டும்போது கீழ் இமை அந்த விளிம்பில் இடிக்கும். லென்ஸ் பட்டையின் மேல் ஊஞ்சலாடும், கீழே சரியும், 3 மணி, 9 மணிப் பக்கம் கார்னியா காய்ந்து ஸ்டெய்னிங் (சாயம் பிடிக்கும் புண்) வரும். மாதக்கணக்கில் போட்டால் கார்னியாவின் வடிவமே மாறலாம்.

இன்னொன்று, லென்ஸ் வளைவது. மெல்லிய, ஆக்சிஜன் நன்றாகக் கடத்தும் லென்ஸை இப்படிப்பட்ட கார்னியா மேல் வைத்தால், இமை அழுத்தத்தில் அது கார்னியா வடிவத்துக்குக் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். முக்கால் டயாப்டர் வளைந்தால் முக்கால் டயாப்டர் சிலிண்டர் கண்ணில் மிச்சமாகும். பேஸ் கர்வை ஃப்ளாட் கே-யைவிட (இரண்டு கே எண்ணில் சிறியதைவிட) ஸ்டீப்பாக வைக்க வைக்க இந்த வளைவு கூடும். அதனால்தான் நடுத் தடிமனை 0.02 மி.மீ. கூட்டுவதும், பேஸ் கர்வைச் சற்று ஃப்ளாட் ஆக்குவதும் முதல் மருந்து.

ஸ்ஃபெரிகல் எதற்குப் போதும்? கார்னியாவின் சிலிண்டர் 2.00 வரை, உள்ளே மிச்சம் 0.75-க்குக் கீழ் என்றால் தயங்காமல் இதையே கொடுக்கலாம். விலை குறைவு, திரும்ப ஆர்டர் செய்வது எளிது, சுழன்றால் கவலையில்லை. பேஸ் கர்வை ஃப்ளாட் கே-யோடு வித்தியாசத்தில் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு கூட்டித் தொடங்குங்கள். 42.00/43.50 கார்னியா என்றால் 42.50, கூட்டிய 0.50-க்கு லென்ஸ் பவரில் −0.50 சேர்க்க மறக்க வேண்டாம். இந்த ஒரு மறதிதான் "லென்ஸ் வந்தது, ஆனால் தூரம் தெளிவில்லை" என்ற புகாரில் பெரும்பாலும் காரணம்.

2.00-க்கும் 2.50-க்கும் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பகுதி. கெரட்டோமீட்டர் நடுவில் சுமார் 3 மி.மீ. வட்டத்தைத்தான் அளக்கிறது. சிலிண்டர் அந்த வட்டத்தோடு நின்றுவிட்டால் ஸ்ஃபெரிகல் விளிம்பு நிம்மதியாக உட்காரும். கார்னியாவின் ஓரம் வரை நீண்டிருந்தால் 2.00-இலேயே எழும்பிவிடும். கார்னியா முழுவதையும் வரைபடமாக்கும் டோபோகிராஃபி படத்தில் இது பளிச்சென்று தெரியும். அந்த வசதி இல்லாத கடையில், ட்ரையல் லென்ஸில் ஃப்ளோரசின் போட்டு விளிம்பைப் பார்ப்பதே தீர்ப்பு.

பைடோரிக்: இந்தக் கண்ணுக்கு இதுதான்

3.50 கார்னியல் சிலிண்டருக்கு எங்கள் தேர்வு பைடோரிக். கார்னியா எப்படி இரண்டு வளைவில் இருக்கிறதோ அப்படியே லென்ஸின் பின்பக்கமும் இரண்டு வளைவில் இருப்பதால் நிதானமாக உட்காரும். அதே வளைவுகளை அச்சடித்தது போல வைத்தால் அடியில் கண்ணீர் ஓட இடம் இருக்காது. ஃப்ளாட் மெரிடியனில் 0.25, ஸ்டீப் மெரிடியனில் 0.75 ஃப்ளாட்டாக வைப்பது இந்த அளவு சிலிண்டருக்கு நன்றாக வேலை செய்யும் வழக்கம்.

ஃப்ளாட்: 42.00 − 0.25 = 41.75, அதாவது 8.08 மி.மீ. கண்ணீர் லென்ஸ் −0.25. லென்ஸ் பவர் −2.90 + 0.25 = −2.65.

ஸ்டீப்: 45.50 − 0.75 = 44.75, அதாவது 7.54 மி.மீ. கண்ணீர் லென்ஸ் −0.75. லென்ஸ் பவர் −6.46 + 0.75 = −5.71.

ஆர்டர்: 8.08 / 7.54, பவர் −2.75 / −5.75.

இப்போது ஒரு சோதனை. பேஸ் கர்வ் வித்தியாசம் 44.75 − 41.75 = 3.00. பவர் வித்தியாசம் 3.00. இரண்டும் சமமாக வந்தால், இந்த லென்ஸ் பார்ப்பதற்கு டோரிக், கண்ணில் வேலை செய்வது ஸ்ஃபெரிகல் மாதிரி. லென்ஸ் கொஞ்சம் சுழன்றாலும் அதன் சிலிண்டரும் கண்ணீர் லென்ஸில் வரும் மாற்றமும் சேர்ந்தே திரும்பி, ஒன்றை ஒன்று கழித்துவிடும், பார்வை மங்காது. உள்ளே மிச்சம் சிலிண்டர் இல்லாத கண்ணுக்கு இதைவிட நல்ல லென்ஸ் கிடையாது. ட்ரையல் செட் இருந்தால் இன்னும் சுலபம்: 3.00 வித்தியாசம் உள்ள ட்ரையலைப் போட்டு, ஸ்ஃபியர் மட்டும் (லென்ஸ் கண்ணில் இருக்கும்போதே பவர் சோதிக்கும்) ஓவர் ரிஃப்ராக்‌ஷன் செய்து, வந்த எண்ணை இரண்டு மெரிடியனிலும் கூட்டிவிடலாம்.

இரண்டும் சமமாக வராவிட்டால், வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு சிலிண்டர் கண்ணில் உண்மையாகவே வேலை செய்யும். அப்போது லென்ஸ் சுழலாமல் நிற்பது முக்கியம். பின்பக்க வளைவே அதைப் பெரும்பாலும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பின்பக்க டோரிக்: எந்தக் கண்ணுக்கு, எதற்கு வேண்டாம்

முன்பக்கம் ஸ்ஃபெரிகல், பின்பக்கம் மட்டும் டோரிக் என்றால் மலிவாக முடியும் என்று தோன்றும். ஆனால் பின்பக்க வளைவு பிளாஸ்டிக்குக்கும் கண்ணீருக்கும் நடுவே தானாகவே ஒரு சிலிண்டரை உண்டாக்கும். ஒளிவிலகல் எண் 1.45 உள்ள மெட்டீரியல் என்றால், பேஸ் கர்வில் 3.00 வித்தியாசம் காற்றில் 4.00 சிலிண்டராகும் (0.45-ஐ 0.3375-ஆல் வகுத்தால் 1.33 மடங்கு). நம் கண்ணுக்கு வேண்டியது 3.06. கிட்டத்தட்ட 1.00 டயாப்டர் கூடுதல் மைனஸ் சிலிண்டர், ஆக்சிஸ் 180-இல் கண்ணில் ஏறிவிடும். இந்தக் கண்ணுக்கு அது வேண்டாம்.

ஆனால் சிலிண்டர் எதிர்த்திசையில் இருக்கும் கண் வேறு கதை. கண்ணாடி −1.00 / −4.50 × 90. கே 90-இல் 41.50, 180-இல் 44.50 என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்னியா மேல் மாற்றினால் 90-இல் −0.99, 180-இல் −5.16, வித்தியாசம் 4.17. கார்னியாவில் 3.00. உள்ளே மிச்சம் 1.17, ஆக்சிஸ் 90. பேஸ் கர்வை இரண்டு மெரிடியனிலும் கார்னியாவோடு ஒட்டியே 8.13 / 7.58 என வைத்தால், பின்பக்கம் தானாக உண்டாக்கும் 4.00 வேண்டிய 4.17-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. −1.00 / −5.00 போதும். முன்பக்கத்தில் வேலையே வேண்டாம்.

இது தற்செயல் இல்லை. பெரும்பாலான கண்களின் உள் சிலிண்டர் ஆக்சிஸ் 90 பக்கம்தான் இருக்கும். ஆகவே பின்பக்க டோரிக்கின் கூடுதல் சிலிண்டர், ஃப்ளாட் மெரிடியன் 90-இல் இருக்கும் கார்னியாவில் உதவிக்கு வரும். ஃப்ளாட் 180-இல் இருந்தால் தொல்லையாகும்.

கார்னியா உருண்டை, சிலிண்டர் உள்ளே: சாஃப்ட் டோரிக்

கண்ணாடி −1.00 / −2.00 × 90, கே 43.50 / 43.75, ஃப்ளாட் 180-இல். பவர் கிராஸில் 180-இல் −2.90, 90-இல் −0.99. ஸ்ஃபெரிகல் ஆர்ஜிபி 43.50-இல் போட்டால், 90-இல் கண்ணீர் லென்ஸே −0.25 கொடுத்துவிடுகிறது. மிச்சம் −2.16 × 90. அதாவது ஆர்ஜிபி போட்டதும் கார்னியா மேல் 1.91 இருந்த சிலிண்டர் இன்னும் கூடிவிட்டது! "சிலிண்டருக்கு ஹார்டு லென்ஸ்தான் நல்லது" என்று கேள்விப்பட்டு வருபவர்களில் இப்படிப்பட்ட கண் உள்ளவர்களும் இருப்பார்கள். இவர்களுக்கு முன்பக்க டோரிக் ஆர்ஜிபியை, சுழலாமல் நிற்க ப்ரிசம் வைத்துக் கனப்படுத்திப் போடலாம், ஆனால் கீழ்ப்பக்கம் தடித்து உறுத்தும். சாஃப்ட் டோரிக் கொடுப்பதே நியாயம்.

அதே சாஃப்ட் டோரிக்கை முதல் கண்ணுக்குக் கொடுத்தால்? பல பிராண்டுகளில் கையிருப்பு சிலிண்டர் −2.25 அல்லது −2.75-உடன் நின்றுவிடும், 3.50 தனியாகச் செய்ய வேண்டும். செய்தாலும், லென்ஸ் 10 டிகிரி சுழன்றால் சிலிண்டரில் 35 சதவீதம் மிச்சமாகத் திரும்பி வரும். 3.50-க்கு அது 1.20 டயாப்டர். ஒவ்வொரு சிமிட்டலிலும் தெளிவும் மங்கலும் மாறி மாறி வரும். இரவில் பைக் ஓட்டுபவருக்கு இது உண்மையான ஆபத்து.

வேலூர்ப் பக்கத்துக் கண்களுக்கு

எண்கள் ஒரே மாதிரி இருந்தாலும் வாழும் இடம் தேர்வை மாற்றும். காட்பாடியிலிருந்து வேலூருக்கோ, நெடுஞ்சாலை வழியாக ஆம்பூருக்கோ தினமும் இரு சக்கர வண்டியில் போகிறவருக்கு ஆர்ஜிபியின் முதல் எதிரி தூசு. ஒரு மணல் துகள் விளிம்புக்கு அடியில் போனால் கண்ணீர் கொட்டி வண்டியை ஓரம் கட்ட வேண்டியதுதான். விளிம்பு எழும்பி நிற்கும் ஸ்ஃபெரிகலில் துகள் நுழைவது எளிது. ஒட்டி உட்காரும் பைடோரிக்கில் குறைவு. விலை வித்தியாசத்தைக் கேட்டுத் தயங்குபவரிடம் இதைச் சொல்லியாக வேண்டும். அதோடு கண்ணை முழுக்க மூடும் ஹெல்மெட் கண்ணாடியும் வேண்டும்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளில் ரசாயன ஆவி இருக்கும் பகுதியில் வேலை செய்பவர்களுக்கு வேலை நேரத்தில் எந்த லென்ஸும் வேண்டாம், கண்ணாடியே சரி. சாஃப்ட் லென்ஸ் ரசாயனத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

வெயிலில் வயல் வேலை செய்பவர்களின் கண்ணில் மூக்குப் பக்கத்திலிருந்து கார்னியா மேல் வளரும் சதை இருக்கிறதா என்று பாருங்கள். அது கிடைமட்ட மெரிடியனைத் தட்டையாக்கி சிலிண்டரை உண்டாக்கும். அந்தச் சிலிண்டருக்கு லென்ஸ் கணக்குப் போடுவது வீண். ஆர்ஜிபி விளிம்பு அந்தச் சதையில் உரசி வீங்க வைக்கும். முதலில் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

கண் அரிப்பில் எப்போதும் கசக்கும் பிள்ளைகளிடம் ஆண்டுக்கு ஆண்டு சிலிண்டர் ஏறினாலோ, கெரட்டோமீட்டர் வளையங்கள் கோணலாகத் தெரிந்தாலோ, கெரட்டோகோனஸைச் சந்தேகியுங்கள். அங்கே மேலே சொன்ன கணக்கு நம்பகமில்லை. ஆரணி ரோட்டில் உள்ள சி.எம்.சி. கண் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையில் டோபோகிராஃபி பார்த்து, ட்ரையல் லென்ஸ் போட்டு ஓவர் ரிஃப்ராக்‌ஷன் செய்தே பவர் முடிவு செய்ய வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் எந்த லென்ஸுக்கும் விதிவிலக்கு கிடையாது. போர் தண்ணீர், குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர் எதிலும் லென்ஸைக் கழுவக் கூடாது. அகந்தமீபா கிருமி கார்னியாவில் ஏறினால் பார்வையே போகலாம். ஆர்ஜிபி கல்லு மாதிரிதானே என்று குழாயில் காட்டுவது பலரின் பழக்கம். கொடுக்கும் நாளிலேயே தடுத்துவிடுங்கள்.

லென்ஸ் வந்ததும்

டோரிக் லென்ஸில் ஆர்டர் மாறி வருவது சாதாரணம். ரேடியஸ்கோப்பில் இரண்டு பேஸ் கர்வ், லென்ஸோமீட்டரில் இரண்டு பவர் பாருங்கள். ஸ்டீப் வளைவு உள்ள மெரிடியனில்தான் மைனஸ் அதிகம் இருக்க வேண்டும். மாறியிருந்தால் கண்ணில் போடவே வேண்டாம்.

போட்ட பிறகு ஓவர் ரிஃப்ராக்‌ஷனில் சிலிண்டர் தெரிந்தால், லென்ஸோடு சேர்த்தே கெரட்டோமீட்டர் எடுங்கள். ஸ்ஃபெரிகல் லென்ஸ் மேல் ரீடிங் உருண்டையாக வந்தால் சிலிண்டர் கண்ணுக்குள் இருக்கிறது. இரண்டு எண் வந்தால் லென்ஸ் வளைகிறது அல்லது வடிவம் கெட்டிருக்கிறது. லென்ஸைக் கழற்றி ரேடியஸ்கோப்பில் வையுங்கள்: அங்கே உருண்டையாக வந்தால் கண்ணில் மட்டும் வளைகிறது, தடிமனைக் கூட்டி மறுபடி ஆர்டர் செய்யலாம். அங்கேயும் இரண்டு எண் வந்தால் லென்ஸ் கெட்டுவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

உள்ளே −0.50 × 90 இருக்கும் கண்ணில், கார்னியாவின் ஃப்ளாட் மெரிடியன் 180-இல் இருந்து லென்ஸ் அரை டயாப்டர் வளைந்தால், இரண்டும் கழிந்து பார்வை 6/6 வந்துவிடும். நன்றாகப் பார்க்கிறவரின் லென்ஸ் தடிமனைக் கணக்குப்படி சரி என்று கூட்டிக் கெடுத்துவிட வேண்டாம்.